இரண்டாவது பாலத்துக்குத் தெற்கே

மலையடிவாரத்திலிருந்து தேவாரம் வரும் தார்ச்சாலையில், இரண்டாவது பாலத்தை ஒட்டிய மேட்டில்தான் அந்தக் குழந்தை இருக்கிறது என்று எங்கள் குடும்பம் நம்பியது. யாருக்கும் அதில் ஐயம் எழுந்ததில்லை. எனக்கும் எழவில்லை.

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று அழைப்பேன். அவருக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை அது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. மதினியின் கணவருக்கு மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மொச்சையும் போடும் ஒரு தோட்டம் இருந்தது. அறுவடை நாட்களில் குடும்பம் அங்கேயே தங்கும். அப்படித் தங்கியிருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. விடிந்ததும் மாட்டு வண்டி பூட்டித் தேவாரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். வண்டியை ஓட்டியவர் மதினியின் கணவருக்கு அண்ணன். பின்னால் மதினியின் கணவர், மடியில் குழந்தையோடு மதினி. பாதி வழியில் மடி கனத்தது என்று மட்டும் மதினி சொல்வார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் இறந்த கைக்குழந்தையை ஊருக்குள் கொண்டுவருவதில்லை. எரிப்பதும் இல்லை. உயிர் போன இடத்துக்கு அருகிலேயே ஆண்கள் குழி எடுத்து வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கல்லோ செடியோ அடையாளமாக எதையும் நட மாட்டார்கள். பெற்றவள் அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடுத்தது தங்காது என்பது நம்பிக்கை. மதினியைக் கிழக்கு பார்த்து வண்டியில் உட்கார வைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் இறங்கிப் போனார்கள். திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் மாட்டைத் தட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து, மதினி விடாமல் கேட்டதன் பேரில், அவர் கணவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “ஓடைய ரெண்டாவது தடவ தாண்டுனோம்ல, அந்த மேட்டுல.”

குழந்தை போன சில ஆண்டுகளில் அந்த வழிக்குத் தார்ச்சாலை வந்தது. அந்த ஆண்டுகளில் மதினி தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடியும் இரண்டு பிள்ளைகள் பெற்று, அவர்கள் நடக்கத் தொடங்கிய பின் அவர் அங்கே போனபோது பஸ் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிப்பாதையின் மேல்தானே சாலை போடுவார்கள்? தோட்டத்திலிருந்து தேவாரம் நோக்கி வரும்போது எண்ணினால் இரண்டாவதாக ஒரு பாலம் வரும். அதன் வடபுறம் ஒரு மேடும் இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? பஸ் அந்தப் பாலத்தை நெருங்கும்போது மதினி செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு, வடபுற ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்புவார். பேச்சின் நடுவில் நிறுத்தி, கும்பிட்டு, விட்ட சொல்லிலிருந்து பேச்சைத் தொடர்வார். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ எல்லைச்சாமி என்று நினைத்துத் தாங்களும் ஒரு கும்பிடு போடுவது உண்டு.

அந்தச் சாலையை அகலப்படுத்தும் வேலை சென்ற ஆண்டு தொடங்கியது. நாங்கள் தேனியில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. தேவாரத்தில், காலமான தன் கணவர் கட்டிய வீட்டில் தனியாக இருக்கும் மதினிதான் ஒரு காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி இருக்கானா?”

“குளிக்கப் போயிருக்காக மதினி.”

“சரி, நீயே கேளு. ரெண்டாவது பாலத்துல மஞ்சப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருக்காக. பாலத்த ஒடச்சு, மேட்டையும் சேத்து வழிச்சு எடுக்கப் போறாகளாம். ஜேசிபி வந்து நிக்குது.”

“எப்ப ஒடைக்கிறாகளாம்?”

“பொங்கல் கழியட்டும்னு மேஸ்திரி சொல்றான். ஏத்தா, அந்த மிசினு மண்ண அள்ளி லாரில போடும்ல. அந்த லாரி எங்கிட்டுப் போகும்?”

குளித்துவிட்டு வந்த கணவரிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த அலுவலகத்துக்கும் எப்படி மனு எழுதுவது என்று அறிந்தவர். அன்று அவரே திணறினார்.

“அக்கா, ரோடு போடுறவுககிட்ட என்னன்னு சொல்லச் சொல்ற?”

“உள்ளதச் சொல்லு. எம்பிள்ள இருக்குன்னு சொல்லு.”

“அடையாளம் கேப்பாகக்கா.”

“அடையாளம் வச்சிருந்தா நான் ஏன்டா உங்கிட்ட வாரேன்” என்று சொல்லிவிட்டு மதினி தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பின் அவர் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்றும், சமைத்ததை அப்படியே மாட்டுக்குப் போடுகிறார் என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பஸ்ஸில் அந்த இயந்திரத்தைக் கடந்து போக அவரால் முடியவில்லை.

அந்த இடம் உண்மையிலேயே அந்த இடம்தானா என்று பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அதற்கான கருவி என் அலமாரியில் ஏற்கெனவே இருந்தது.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பின் நான் பிடித்துக்கொண்ட பழக்கம் பழைய நில அளவை வரைபடங்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி, வெள்ளைக்காரர் காலத்தில் அச்சிட்ட தாள்கள் அவை. வெளிநாட்டு நூலகங்கள் சில அவற்றைப் படியெடுத்து இணையத்தில் போட்டிருக்கின்றன. மேட்டின் உயரம் பழுப்புக் கோடுகளாகவும், நீர் நிற்கும் இடம் நீலமாகவும், பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் ஓடைகள் கறுப்பாகவும் அவற்றில் இருக்கும். இரட்டைப் புள்ளிக்கோடு என்றால் வண்டிப்பாதை. ஒற்றைப் புள்ளிக்கோடு என்றால் ஆள் நடக்கும் தடம். முதலில் எனக்கு அவை வெறும் அழகாகத்தான் தெரிந்தன. படிக்கப் பழகிய பின், நான் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கு என் கண்முன் மாறத் தொடங்கியது. இன்று தேனி என்று நாம் சொல்லும் நகரம் அந்தத் தாளில் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் நிற்கும் நிலத்தில் முட்புதர்க் குறிகள் மட்டும் சிதறிக் கிடக்கின்றன. அனுமந்தன்பட்டி வயல்களுக்குப் போகும் வாய்க்கால்களோ அன்று வளைந்த இடத்தில்தான் இன்றும் வளைகின்றன. எது மாறியது, எது மாறவில்லை என்பதை யாரிடமும் கேட்காமல் நானே சொல்ல முடிவது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தாளோடு ஒரு வாரம் உட்கார்ந்தால் அந்த ஊர்ப்பக்கம் எந்தச் சந்தில் நின்றாலும் திசை தவற மாட்டேன்.

ஆனால் கணினித் திரையில் பார்ப்பது இந்த வேலைக்குப் போதாது. தேவாரம் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, அதே அளவில் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் தயார் செய்து, இரண்டையும் அச்சிடத் தேனி பஜாரில் ஒரு பிளெக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கும் கடை அது. கடைக்காரர் பழைய வரைபடத்தைத் திரையில் திறந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“அக்கா, இது என்ன டிசைனு?”

“டிசைன் இல்ல தம்பி. ஊரு.”

“எந்த ஊரு?”

“தேவாரம்.”

“எங்க மாமியா ஊரு. இப்படியா இருக்கு?” என்றவர், பழக்கதோஷத்தில் கேட்டார்: “மூலைல யாரு போட்டோ வைக்கணும்?”

போட்டோ எதுவும் வேண்டாம் என்றதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. “அங்கன வெத்து எடமா தெரியுதுக்கா. ஒரு பிள்ளையாராவது போட்டுருவோம்” என்றார். பிள்ளையார் இல்லாமலேயே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கூடத்தில் பழைய படத்தை விரித்து, அதன் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, வண்டிப்பாதையையும் ஓடையையும் மலையடிவாரக் கோட்டையும் முக்கியக் குறிகளையும் பென்சிலால் எடுத்தேன். பிறகு அந்தத் தாளைத் தூக்கி இன்றைய படத்தின் மேல் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு இரண்டு படத்திலும் இருக்கும் பொருள்கள் வேண்டும். அவை அன்றிலிருந்து இன்றுவரை நகராதவையாக இருக்க வேண்டும். ஒன்றுக்குத் தேவாரம் கண்மாயின் மதகை எடுத்துக்கொண்டேன். இன்னொன்றுக்கு, வழியில் இருக்கும் ஒரு சிறு கோயிலை எடுத்தேன். பழைய தாளில் அது வண்டிப்பாதையோரம் இருந்தது. இன்று அது சாலையோரம், இரண்டாவது பாலத்துக்குச் சற்று முன்னால், வர்ணம் பூசிய மதிலோடு இருக்கிறது. மதகின் மேல் மதகையும் கோயிலின் மேல் கோயிலையும் வைத்தேன். நான் வரைந்த வண்டிப்பாதை அச்சு மாறாமல் தார்ச்சாலையின் மேல் போய் உட்கார்ந்தது. வண்டிப்பாதை ஓடையை இரண்டாவது முறை கடக்கும் இடம் பாலத்துக்கு அருகிலேயே விழுந்தது.

குடும்பம் நம்பியது சரி என்று வரைபடம் சொல்லிவிட்டது. கணவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஆக, அங்கனதான்,” என்றார். “அக்காகிட்டச் சொல்லிறலாமா?”

தொலைபேசியை எடுக்க அவர் கை நீண்டபோது நான் தடுத்தேன். தாளின் மேற்கு ஓரத்தில் ஏதோ இடறியது. மலையின் அடிவாரக் கோடு, படத்தில் மலை தொடங்கும் இடத்தை விட்டு விலகி, தோப்புகளின் மேல் ஏறி நின்றது. சிகரத்தில் அளவையர்கள் முக்கோணம் போட்டுக் குறித்த புள்ளி, இன்றைய படத்தில் சிகரத்தில் விழாமல் வடக்கே தள்ளி ஒரு பள்ளத்தாக்கில் விழுந்தது.

“இந்தா பாருங்க,” என்றேன். “கோயில் சரியா இருந்தா மலை தப்பா இருக்கு.”

“தாள் கோணலா இருக்கும்.”

“தாள் கோணல் இல்ல. ரெண்டுல ஒண்ணு நகர்ந்திருக்கு.”

அவர் சற்று யோசித்தார். “மலை நகராது,” என்றார், கணக்கில் சந்தேகம் தீர்ந்தவரைப் போல.

கோயிலை விட்டுவிட்டேன். சிகரத்தின் முக்கோணப் புள்ளி, கண்மாய் மதகு, இடையில் தனியே நிற்கும் சிறு பாறைக் குன்றான ஒரு மொட்டைக் கரடு, இந்த மூன்றையும் பிடித்துத் தாளை மறுபடி பொருத்தினேன். இந்த முறை மலையும் கரடும் மதகும் ஒன்றோடொன்று இசைந்தன. வண்டிப்பாதை சாலையை விட்டு இறங்கித் தெற்கே, ஒரு கூப்பிடு தூரத்தில், தனி வழியாகப் போனது. கறுப்பாக வரைந்த எங்கள் ஓடை அங்கேதான் வளைகிறது. வண்டிப்பாதை அதை இரண்டு இடங்களில் கடக்கிறது. சாலையிலிருக்கும் இரண்டு பாலங்களுமோ வடக்கிலிருந்து வந்து சேரும் காட்டோடைகளின் மேல் கட்டியவை. எங்கள் ஓடைக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. பழைய தாளில் இரண்டாவது கடவைக்கு அப்பால், தென்கரையில், நெருக்கமான சிறு கோடுகளால் பாறைக்குறி போட்டிருந்தது. பாறைக்குறி என்றால் மேடு.

கோயில் எப்படிச் சாலைக்கு வந்தது என்பதை அனுமானிக்க அதிக நேரம் ஆகவில்லை. நம் பக்கத்தில் சாலை போட்டால் சாமியும் பின்னாலேயே வந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சாமியைத் தனியே விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. பிடிமண் எடுத்து, நல்ல நாள் பார்த்து, பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து எழுப்பிவிடுவார்கள். எல்லா இடங்களிலும் கோயிலை நிலையான பொருளாகக் கொள்ளலாம் என்று புத்தகங்கள் சொல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் அது செல்லாது.

மதினியிடம் சொல்வதற்கு முன் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். இரண்டு நாள் கழித்து, பிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சாலையில் காரை நிறுத்திவிட்டுத் தெற்கே வரப்பில் இறங்கி நடந்தோம். தென்னந்தோப்பு ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்த தோப்புக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாருங்க நீங்க? அளக்க வந்தீகளா?”

“இல்லண்ணே, சும்மா பாக்க வந்தோம்,” என்றார் என் கணவர்.

“பாக்க வந்தவுக எதுக்குப் பேனரோட வந்திருக்கீக? எலெக்சன்கூட இல்லையே.”

“இது பேனர் இல்லண்ணே, மேப்பு.”

அந்தச் சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. “அப்ப அளக்கத்தான் வந்திருக்கீக. அங்கிட்டு ரோட்ட முடிச்சுட்டு இங்கிட்டுத் தோப்புக்குள்ள எறங்கிட்டீகளா? ஒரு மரத்தத் தொட விடமாட்டேன், சொல்லிட்டேன்” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது.

நான் பிளெக்ஸை அவருடைய வரப்பிலேயே விரித்தேன். நிலம் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் ஒரு வரைபடத்தை விரித்தால், அவர்கள் முதலில் தங்கள் நிலத்தைத் தேடுவார்கள். தேடத் தொடங்கினால் கோபம் குறையும். கண்மாயைக் காட்டினேன், கரட்டைக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விரலால் கோடுகளைத் தொடர்ந்து வந்தார்.

“எங்கெணறு எங்கன?”

“இது போட்டப்ப உங்க கெணறு வெட்டல.”

“எங்கய்யா வெட்டுன கெணறு! இதுல இல்லேன்னா இது என்ன மேப்பு?” என்றார். அந்தத் தாள் அவருடைய அப்பாவுக்கு முந்தியது என்று கணவர் விளக்கியதும் கொஞ்சம் ஆறினார். “அப்பச் சரி” என்று, பெரிய மனது பண்ணி மன்னித்தார்.

“இங்கன, ஓடைக்கரைல, ஒரு கோயில் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆரு சொன்னா உங்களுக்கு?”

“இதுதான்,” என்று தாளைத் தொட்டேன்.

அவர் எழுந்து முன்னால் நடந்தார். ஓடையின் விளிம்பில், ஒரு வேம்பின் அடியில், நான்கு கருங்கல் அடுக்கிய பீடம் மட்டும் கிடந்தது. “சாமி ரோட்டுக்குப் போயி ரொம்ப காலமாச்சு,” என்றார். “இங்கன ஆரு வாரா? அங்கன இருந்தா போற வாறவுக கும்புடுவாகன்னு தூக்கிட்டுப் போனாக.” பீடத்துக்குப் பக்கத்தில் ஓடைக்குள் சரிவாக இறங்கும் ஒரு தாழ்ந்த இடம் இருந்தது. இரண்டு பக்கமும் கரை நிமிர்ந்து நிற்க, அந்த அகலத்துக்கு மட்டும் கரை தேய்ந்திருந்தது. மாட்டு வண்டிகள் இறங்கி ஏறிய வழி அது என்பதற்கு எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதன் எதிரே, தென்கரையில், பாறையும் மண்ணுமாக ஒரு மேடு. அதன் மேல் ஓர் உசிலை மரம்.

“அத நீங்க உழல்லையா?” என்றார் கணவர்.

“பாறைல எங்க கலப்பை ஏறும்? ஆடு படுக்கும், அம்புட்டுத்தான்.”

மறைப்பதில் பொருளில்லை என்று எனக்குப் பட்டது. எதற்காக வந்தோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் மண்வெட்டிப் பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் மேட்டைப் பார்த்தார். தன் நிலத்தில் தனக்குத் தெரியாமல் ஒருவர் குடியிருந்ததைக் கேள்விப்பட்ட முகம்.

“அந்தாத்தா இருக்காகளா?”

“இருக்காக.”

“கூட்டிட்டு வாங்க,” என்றார். “வெயில் ஏறுறதுக்குள்ள வாங்க. வரப்பு வழுக்கும், தண்ணி பாய்ச்சாம வைக்கிறேன்.”

அன்று மாலையே தேவாரம் போனோம். மதினி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நான் வரைபடத்தை விரித்து, சாலை எது, பாதை எது, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று நிதானமாகச் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

“எம்மனசு ஆறணும்னு ரெண்டு பேரும் சேந்து கட்டுன கதையா இது?” என்றார்.

“அக்கா, நாங்க ஏன்...” என்று கணவர் தொடங்கினார்.

“நீ சும்மா இருடா. சின்னதுலயே, பரீட்சைல முட்டை வாங்கிட்டு வந்து ஆத்தாகிட்ட நூறுன்னு சொன்னவன்தான நீ?” அவர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லு. நெசந்தானா?”

“மதினி, நீங்க அழாம இருக்கணும்னு நான் மலைய நகர்த்த முடியாது. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணக் கேளுங்க. இதுல இருக்கான்னு பாப்போம்.”

அவர் கை நின்றது. அந்த வழியை அவர் வண்டியில் எத்தனையோ முறை போயிருக்கிறார். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒருமுறைகூட மனத்தால் அதில் போனதில்லை என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டார்.

“மொத தடவ ஓடைய தாண்டுனதும், ரெண்டாவது தாண்டுறதுக்கு முன்னால, மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம். ஒரு கெணறு. எறங்கிப் போக படி இருக்கும். பாதைக்கு வலக்கைப் பக்கம். அன்னைக்கும் அங்கன நிறுத்துனாக. பிள்ளைக்கு நெத்தில ஈரத்துணி போட்டேன்.”

தோட்டத்திலிருந்து தேவாரம் நோக்கி வருகிறவருக்கு வலக்கை தெற்கு. முதல் கடவைக்கும் இரண்டாவது கடவைக்கும் நடுவில், இரட்டைப் புள்ளிக்கோட்டுக்குத் தெற்கே, ஒரு சிறிய நீல வட்டம் இருந்தது. நான் பலமுறை பார்த்திருந்தும் எனக்கு அது வெறும் கிணற்றுக்குறியாகவே இருந்தது. மதினியின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன்.

“இதா?”

“இதுதான்.”

அவர் விரலை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, அந்த வட்டத்திலிருந்து கிழக்கே, தானாகவே, பாதை வழியாக விரலை நகர்த்தினார். ஓடையின் கறுப்புக் கோட்டைத் தாண்டி நிறுத்தினார்.

“காலைல எத்தன மணிக்குக் கார எடுப்ப?” என்று தம்பியிடம் கேட்டார்.

தோப்புக்காரர் சொன்னபடியே வரப்பைக் காய வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் தலையசைத்துவிட்டுத் தோப்பின் மறுகோடிக்குப் போய்விட்டார். மதினி யார் கையையும் பிடிக்கவில்லை. ஓடை மணலில் இறங்கி ஏறி, மேட்டின் அடியில் செருப்பைக் கழற்றினார். ஒரு தூக்குவாளியில் பசும்பால் கொண்டுவந்திருந்தார்.

“எந்த எடம்னு சரியாத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார்.

இதை அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். “தெரியாது மதினி,” என்றேன். “இந்த மேடுன்னு சொல்ல முடியும். மேட்டுல எங்கனன்னு படம் சொல்லாது.” அந்த அளவில் வரைந்த ஒரு கோட்டின் தடிப்பே ஒரு தெருவின் அகலம். தெரிந்ததைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு உறுதி இருந்ததோ, தெரியாததைச் சொல்வதிலும் அவ்வளவு உறுதி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் அதற்கு வருந்தவில்லை. தூக்குவாளியைச் சாய்த்து, நூலாகப் பாலை ஊற்றிக்கொண்டே மேட்டைச் சுற்றி நடந்தார். ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து மரத்தடிக்கு. பாறையில் விழுந்தது வழிந்தது; மண்ணில் விழுந்தது மறைந்தது. வாளி காலியானதும் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உசிலை நிழலில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் தென்னைகளுக்கு நடுவே சாலை தெரிந்தது. ஒரு மினி பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

“பஸ்ஸுல வாரப்ப நான் அங்கிட்டுத் திரும்பிக் கும்புடுவேன்,” என்றார் மதினி. “அவுக எம்பக்கத்துலதான் உக்காந்திருப்பாக. ஒருநாளும் கூடக் கும்புட மாட்டாக. மொகத்த இங்கிட்டுத் திருப்பி வச்சுக்கிருவாக. கல்லு மனசுன்னு நெனச்சேன்.”

உள்ளங்கையால் மேட்டு மண்ணைத் தடவினார்.

“இங்கன பாத்துருக்காக,” என்றார். “எடத்தக் காட்டுனா அடுத்தது தங்காதுன்னு இருந்துட்டாக. ரெண்டு தங்குன பெறகாவது அந்தப் பாலம் இல்லன்னு சொல்லியிருக்கலாம்.” பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். “ஏலே, அப்ப இத்தன வருசமா நான் அந்தப் பாலத்துல போட்ட கும்புடெல்லாம் எங்க போயிருக்கும்?”

“பஸ்ஸுக்குப் போயிருக்கும்க்கா,” என்றார் அவர். “அந்த ரூட்டுல ஒருநாளும் ஒரு வண்டி கவுந்ததில்லையே.”

மதினி சிரித்தார். அவ்வளவு நாளுக்குப் பின் அவர் சிரித்தது எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. தோப்பின் மறுகோடியிலிருந்து தோப்புக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பொங்கல் கழிந்து அந்தப் பாலத்தை உடைத்தார்கள். மேட்டை வழித்து லாரியில் ஏற்றினார்கள். மதினி அன்று தோட்டத்துக்குப் போகும் வழியில் அதைப் பார்த்திருக்கிறார். புழுதி கண்ணில் விழுந்தது, வேறொன்றுமில்லை என்று தொலைபேசியில் சொன்னார். மாதத்துக்கு ஒருமுறை தேவாரத்திலிருந்து பால் கொண்டுபோகிறார். தோப்புக்காரர் வரப்பில் ஒரு பனங்கட்டையைப் போட்டு வைத்திருக்கிறாராம், ஏறுவதற்கு வசதியாக.

அன்றைய வண்டியை ஓட்டியவர் இன்று இல்லை. குழி எடுத்தவரும் இல்லை. கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்த மதினி இருக்கிறார்.